ஒரே தலைப்பில் போன மெயில்கள்

இன்று வெள்ளிமலையில் ஜெராக்ஸ் எடுக்கப் போன கடையில் நடந்தது.

மலையில் யார் எதற்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கடைக்காரரின் மெயில் முகவரியைத்தான் போடுவார்கள்.

ஒரு பெண் வந்து கேட்டார். "அண்ணே, நர்சிங் பயிற்சிக்குப் போட்டேனே, மெயிலு எதுனா வந்துச்சா?"

"தெனம் பாத்துக்கினுதாம்மா இருக்கேன். வேற ஒரு பொண்ணுக்குத்தான் வந்துருக்கு."

திரையை எட்டிப் பார்த்தேன். அந்தப் பயிற்சி மையத்துக்கு மெயில் அனுப்பும் மென்பொருளை எழுதியவன் நான். எல்லோருக்கும் ஒரே தலைப்பு வைத்திருந்தேன். ஒரே முகவரிக்கு வந்ததால் அத்தனையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து, ஒரே மெயிலாகத் தெரிந்தன.

விரித்தோம். அந்தப் பெண்ணின் பெயரும் இருந்தது. நான் பார்த்துப் பார்த்து நிறம் கொடுத்த பச்சைப் பொத்தானும் இருந்தது. அழுத்தினால், "நேர்காணலுக்கு வருவதை உறுதி செய்யும் காலம் நேற்றோடு முடிந்தது."

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலைடா இது" என்றார் கடைக்காரர்.

மையத்துக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எடுக்க ஆளில்லை. மென்பொருளை எப்போதோ அவர்களிடம் ஒப்படைத்துவிட்டதால், உள்ளே போய் மாற்றவும் எனக்கு வழியில்லை.

கடைசியில் அந்த மெயிலுக்கே, ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அந்தப் பெண்ணுக்காகக் கெஞ்சிப் பதில் எழுதினேன்.

அனுப்பிய நொடியே பதில் வந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குள்ள பதில் போட்டுட்டாங்களா! இன்னா எழுதியிருக்காங்க, படிங்கண்ணே."

திரையில் இருந்தது இவ்வளவுதான்: "இந்த முகவரிக்கு வரும் மெயில்களை யாரும் படிப்பதில்லை."

அந்த வரியை எழுதியதும் நான்தான்.

நீங்களாக இருந்தால் சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பீர்களா?