கடைசிப் பெட்டியில் அப்பா

ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒன்று என்றால் இரண்டு, ஏனென்றால் அங்கே எண்ணிக்கை சைபரில் தொடங்குகிறது. இதே சோற்றைத் தின்னும் சகபாவிகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டியல் என்பது வரிசையாக வைத்த பெட்டிகள். முதல் பெட்டி வேண்டுமானால் சைபர் என்று கேட்க வேண்டும். தப்பாகக் கேட்டாலும் கணினி திட்டாது, கேட்ட பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

செயலாளரைக் காணோம்

மலேசியாவில் தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கு மலிவு வீடு. யார் யாருக்கு வீடு என்று காட்டும் வலைப்பக்கத்தை நீலாயில் இருக்கும் எங்கள் அலுவலகம் செய்தது. முதல் தடவை போட்டுக் காட்டியபோது வீட்டுக் குழுச் செயலாளர் அந்தோணிசாமியின் பெயரையே காணோம். பட்டியலில் முதல் ஆள் அவர், நான் எண்ணியதோ ஒன்றிலிருந்து. சைபராக மாற்றியதும் வந்துவிட்டார். அவருக்கு மனம் ஆறவில்லை.

"முப்பது வருசம் பால்மரம் சீவுனேன். என்னையே காணாமப் போட்டுட்டியே, மத்தவன் கதி என்னலா?"

மும்தாஜ் சொன்னது

கைப்பேசித் திரையில் முழுப் பெயர் அடங்கவில்லை, ஒரு சொல்லை மட்டும் காட்டு என்றார் முதலாளி. பெயரைச் சொல் சொல்லாக வெட்டிப் பெட்டிகளில் போட்டு, கடைசிப் பெட்டியை எடுத்தேன். இணையத்தில் சுட்ட வெள்ளைக்காரன் நிரல் அது. அவனுக்குக் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். நம் பெயர்களில் நடுவில், இன்னார் மகன், இன்னார் மகள் என்பதற்கு மலாயில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' நிற்கும், கடைசியில் அப்பா நிற்பார். என் அடையாளக் கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் வேலையைச் சோதித்துப் பார்க்கும் மும்தாஜ் தன் பெயரை அடித்துப் பார்த்தாள். 'காதர்' என்று வந்தது. "அண்ணே, இது எங்க அத்தா பேரு" என்றாள். முதலாளியிடம் ஓடினேன். ஒரு நிமிஷ வேலைதான் என்றேன்.

"மேலிடத்துல கையெழுத்து வாங்கியாச்சு. இனிமே கைய வச்சா மறுபடியும் மொதல்லேருந்து வரணும். அப்பறம் பாக்கலாம்லா."

சாவி கொடுத்த நாள்

நான் கை வைக்கவில்லை. அதிகாரி அந்தப் பக்கத்தை அச்சடித்து எடுத்து வந்து, மண்டபத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அப்பா உயிரோடு இருந்தவர்கள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ச் சாவி வாங்கினார்கள். அதே தோட்டத்தில் வேலை செய்த சரஸ்வதி அக்காவின் பெயர் வரவே இல்லை. "சின்னசாமி" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். அது இறந்துபோன தன் அப்பாவின் பெயர் என்று அக்கா எழுந்து சொன்னார். தாளில் உள்ளவர்தான் வர வேண்டும் என்றார் அதிகாரி. அக்காவின் வீடு, காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறொருவருக்குப் போய்விட்டது.

மறுநாள் அக்கா பஸ் பிடித்து நீலாய்க்கு வந்தார். அவர் எதிரிலேயே கடைசிப் பெட்டியை முதல் பெட்டியாக மாற்றினேன். திரையில் 'சரஸ்வதி' வந்தது, வீடு வரவில்லை. கொடுத்த சாவியைத் திரும்பக் கேட்க முடியாதாம். அக்கா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"எங்கப்பா சாகுற வரைக்கும் வீடு கேட்டாரு தம்பி, குடுக்கல. செத்தப்பறம் மூணு தடவ கூப்புட்டிருக்கீங்க, எப்படி வருவாரு?"

இப்போது சரஸ்வதி அக்கா காத்திருப்போர் பட்டியலில் கடைசிப் பெட்டியில் இருக்கிறார், அந்தப் பெட்டியை மட்டும் நான் பிழையே இல்லாமல் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.