வீட்டுக்குப் போகணும்

அவரை வேலையிடத்தில் எல்லோரும் வெண்கலம் என்றே கூப்பிட்டார்கள். அப்படி ஒரு தொண்டை. பத்தாவது மாடியிலிருந்து அவர் பேசினால் கீழே நிற்பவருக்கு போன் தேவையில்லை. லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் நக்கல்தான்.

ஒரு நாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. வெண்கலம் மேலே மோட்டார் அறைக்குப் போனார். போனவர் போனவர்தான். கூட வேலை செய்பவர் ஏறிப்போய்ப் பார்த்தால், பிரேக்கை விடுவிக்கும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறார்.

"இத வச்சு என்னப்பா பண்ணணும்?"

கூட்டாளி வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். வெண்கலம் சிரிக்கவில்லை. கூட்டாளியே கம்பியை வாங்கி லிஃப்டை இறக்கி, உள்ளே இருந்தவர்களை வெளியே விட்டார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. செய்தியைக் கேட்டதும் ஈரப் போர்வையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் சில மாதங்களாகவே அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். சொன்ன கதையையே சோறு ஆறுவதற்குள் மறுபடி சொன்னார். செருப்பு பிரிட்ஜில் கிடந்தது. வேலை அலுப்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அறுபதுகூட ஆகவில்லையே.

டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, அல்சைமராகத்தான் இருக்கும் என்றார். மூளைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகின்றன, பெரும்பாலும் புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

"மருந்து சாப்பிட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"கொஞ்ச நாளைக்கு ஓரளவு சமாளிக்கலாம்மா. குணப்படுத்த முடியாது. அவர் தப்பா ஏதாவது சொன்னா எதிர்த்துப் பேசாதீங்க. அவர் போக்குலயே போங்க."

அவர் போக்கு எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வருஷத்தில் அவள் வேலையை விட்டாள். மகன் வெளியூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து, அப்பாவோடு உட்கார்ந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டுப் போனான். மாத்திரையைத் துப்புவார். குளிக்கச் சொன்னால் கையை ஓங்குவார். அவள் அழுதால் பக்கத்தில் வந்து, "யார் உங்கள திட்டினாங்க?" என்பார்.

அந்த 'உங்கள'தான் அவளைக் கொன்றது. கல்யாணமான நாளிலிருந்து "ஏய்", "வாடி", "இவளே" என்று வீடே அதிரக் கூப்பிட்டவர். இப்போது வாங்க, போங்க என்று அடக்கமாகப் பேசினார். வாடகை வீட்டுக்காரம்மாவிடம் பேசுவதுபோல. ஒரே ஒரு தரம் "அடியே" என்று திட்டமாட்டாரா என்று ஏங்கினாள்.

ஒரு சாயங்காலம் கதவுக் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அம்மா, கொஞ்சம் தெறந்து விடுங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

"இதுதாங்க நம்ம வீடு."

"வெளையாடாதீங்க. என் பொண்டாட்டி தனியா இருப்பா. நான் வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டா."

"நான்தாங்க..." என்று ஆரம்பித்தவள் டாக்டர் சொன்னதை நினைத்து நிறுத்திக்கொண்டாள். அவர் முகத்திலிருந்த பதற்றத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தன்னைத் தேடித்தான் அவர் துடிக்கிறார். பக்கத்தில் நின்றும் அந்தத் தவிப்பைத் தீர்க்க அவளால் முடியவில்லை.

கதவைத் திறந்தாள். "வாங்க, கொண்டு போய் விடுறேன்."

தெருவைச் சுற்றி நடந்தார்கள். மருந்துக்கடை, சைக்கிள் கடை, பூட்டிக் கிடந்த அச்சகம். வழியெல்லாம் அவர் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல வரும், ஆனா மனசு பஞ்சு என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சுற்றி வந்து தங்கள் வாசலில் நின்றாள். நேற்று இந்தத் தந்திரம் பலித்திருந்தது. "அப்பாடா, வந்தாச்சு" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

இன்று அவர் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"இது இல்லீங்க."

அவளுக்குக் கால் கடுத்தது. அவர் அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.