தனக்குத் தானே 'சன்' போட்டவன்

நிலக்சன் ஸ்ரீஸ்கந்தராஜா ஜெர்மனியின் பான் நகரில் டிராம் ஓட்டுகிறான். ஜப்பானிய மொழியை அனிமே என்ற அந்நாட்டுக் கார்ட்டூன் தொடர்கள் பார்த்துப் பழகியதால், மாலை வகுப்புக்குப் போன முதல் நாள் ஆசிரியையிடம் கடற்கொள்ளைக்காரனைப் போலப் பேசினான். கழிப்பறை எங்கே என்று கேட்க நினைத்தது, "கழிப்பறையைக் காட்டு, இல்லையேல் செத்தாய்" என்று வந்ததாம். அந்த வாயைத் திருத்த ஆசிரியைக்கு வருடங்கள் பிடித்தன.

இந்த வசந்தத்தில் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நகரின் அனிமே சங்கம் நடத்தும் விழாவுக்கு ஹருமி தோகுனாகா என்ற குரல் நடிகை வருகிறார். ஒரு தொடரில் கோபக்காரக் கத்தரிக்காய்க்குக் குரல் கொடுப்பவர். சனிக்கிழமை சின்ன மேடையில் நிலக்சன் மொழிபெயர்க்க வேண்டும். நன்றாகப் போனால் ஞாயிறு பெரிய மண்டபமும் அவனுக்கே. அதற்குப் பிறகு டிராமை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கலாம் என்று நினைத்திருந்தான்.

குறுக்கே நின்றது அவன் பெயர். ஜப்பானில் பிறர் பெயரோடு 'சன்' சேர்ப்பது மரியாதை. தன் பெயருக்குத் தானே சேர்ப்பது கேலிக்கூத்து.

சங்கத் தலைவர் ஊவே, ஜப்பானியரை விடவும் ஜப்பானிய மரியாதை பார்க்கும் ஜெர்மானியர்.

"மேடையில் நீங்கள் நிலக் மட்டும்தான். 'சன்' வேண்டாம்."

"அது என் பெயரின் கடைசித் துண்டு."

"எனக்குத் தெரியும். ரசிகர்களுக்குத் தெரியாது. ஒரு முறைப்பாடு வந்தாலும் ஞாயிறு வேறு ஆள்."

கழுத்தில் மாட்டும் அட்டையில் 'நிலக்' என்றே அச்சடித்தார்கள். அதைப் பார்த்து அக்கா பிரபாலினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அரைவாசியை வெட்டிப்போட்டாங்களேடா! அனுஷத்துக்கு 'நி' வரவேணும், எண்சாத்திரத்துக்கு 'சன்' வரவேணும் எண்டு அப்பா மண்டையை உடைச்சு வச்ச பேர்."

"மிதுசன் எண்டு வச்சிருக்கலாம்."

"அதுவும் அதேதான்ரா! எங்கட பெடியள் முக்கால்வாசிப் பேர் தங்களுக்குத் தாங்களே மரியாதை குடுக்கிற ஆக்கள்தான்."

சனிக்கிழமை காலையிலிருந்து தோகுனாகா அவனை "நிலக் சன்" என்றே கூப்பிட்டார். நிலக்சனுக்கு உச்சி குளிர்ந்தது. அவன் பெயரை இவ்வளவு சுத்தமாகச் சொன்னவர்கள் ஜெர்மனியில் வீட்டுக்கு வெளியே யாருமில்லை.

மேடையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் முன்வரிசையிலிருந்து கத்தரிக்காய் வேடத்தில் ஒருவர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கேள்வி மொழிபெயர்ப்பாளரைப் பற்றியது. போன வருட விழாவில் இவர் தன்னை 'நிலக்சன்' என்று அறிமுகப்படுத்தினார். தனக்குத் தானே மரியாதை போட்டுக்கொள்ளும் ஆணவக்காரரோடு அம்மையார் எப்படி வேலை செய்கிறார்?"

ஊவே முகத்தைப் பொத்திக்கொண்டார். மொழிபெயர்க்க வேறு ஆளில்லை. மண்டபத்தில் பாதிப் பேருக்கு அரைகுறை ஜப்பானியம் தெரியும் என்பதால் மாற்றிச் சொல்லவும் வழியில்லை. நிலக்சன் வரிவரியாக மொழிபெயர்த்தான். பதற்றத்தில் 'ஆணவக்காரர்' என்பதற்குக் கொள்ளைக்காரக் காலத்துச் சொல் ஒன்று வந்து விழுந்தது. கேட்டவர் திட்டியதை விட மோசமாகத் தன்னைத் திட்டிக்கொண்டான்.

"அது உண்மையா?" என்றார் தோகுனாகா.

"இல்லை. 'சன்' என் பெயருக்குள்ளேயே இருக்கிறது. முழுப்பெயரே நிலக்சன்."

தோகுனாகாவின் முகம் வெளுத்தது. அப்படியானால் காலையிலிருந்து அவர் கூப்பிட்டது வெறும் பெயரை! மரியாதையே இல்லாமல்! எழுந்து இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நிலக்சன் பதறி அவரை விடத் தாழக் குனிந்தான். அவர் இன்னும் குனிந்தார். முன்வரிசையும் குனிந்தது. கத்தரிக்காயும் குனிந்து, நிமிர முடியாமல் உருண்டது.

"தம்பி, கீழ ஏதும் விழுந்திட்டுதோ?" என்று பின்னாலிருந்து கத்தினாள் பிரபாலினி.

தோகுனாகா நிமிர்ந்தார். தன் புகழ்பெற்ற கத்தரிக்காய்க் குரலில் முழங்கினார்: "நிலக்சன் சன்!" மண்டபமே திருப்பி முழங்கியது.

முறைப்பாடு வந்துவிட்டதால் ஊவே வேறு ஆளைத் தேடப் போனார். ஆனால் 'நிலக்சன் சன்' கூட வராமல் மேடையேறுவது தன்னால் ஆகாது என்று தோகுனாகா சொல்லிவிட்டார்.

ஞாயிறு பெரிய மண்டபத்தில் ஊவேயே ஜெர்மன் மொழியில் 'திரு'வும் சேர்த்து அவனை அறிமுகப்படுத்தினார்: "ஹெர் நிலக்சன் சன்!"

"முன்னாலயும் மரியாதை, பின்னாலயும் மரியாதை," என்றாள் பிரபாலினி. "இனி வீட்டில குப்பை வாளியை ஆர் வெளியில வைக்கிறது?"