சுளகு கிடந்த மேசை

மோர்னிங்சைட் தெரு வீட்டுக்கு வந்த வருடம், பக்கத்துத் தெருவில் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரரின் பொருள்களை விற்றார்கள். அங்கேதான் மேசையை வாங்கினோம். இங்கிலாந்தில் செய்தது. மரம் பிரேசிலிலிருந்து கப்பலில் போன ரோஸ்வுட். இப்போது வெட்டவே விடமாட்டார்களாம். அன்றே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பொன்றை மேலே போட்டேன். சிந்தும் குழம்பு, சுடுசட்டி, பிள்ளைகளின் பேனை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பயந்தவன், வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை.

மனைவியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் மகள் மேசையைத் துப்புரவாக்கினாள். ஜன்னலோரம் எப்போதும் கிடக்கும், தாய் அரிசி புடைக்கும் சுளகை, கறிவேப்பிலைச் சருகோடு குப்பையில் போட்டாள். விரிப்பையும் உரித்தாள். மேசை முழுவதும் தேன் நிறமாக வெளுத்திருந்தது. ஓரிடம் மட்டும் பழைய கருஞ்சிவப்பு. ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் ஒடுங்கி.

"உது என்ன கறை அப்பா? சனிக்கிழமை மேசை பார்க்க ஆள் வாறான்."

"கறை இல்லை."

"பின்னை என்ன, டிசைனோ?"

மார்க்கம் நகரில், தன் வீட்டில் வந்திருக்கும்படி மகள் கேட்கிறாள். அங்கே ஏற்கெனவே மேசை இருக்கிறது.

அதன்பின் குசினியில் அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டேன். காலை வெளிச்சம் விழுந்தால் அந்த இடத்தில் யாரோ இலை ஆய்வது கேட்டது. அதையும் வெயில் கொண்டுபோய்விடும் என்று ஒரு படுக்கை விரிப்பால் மூடினேன்.

சனிக்கிழமை மகள் வந்தாள். "என்னப்பா, செத்தவீடு மாதிரி மூடி வைச்சிருக்கிறியள்?"

மேசை பார்க்க வந்த வியாபாரி விரிப்பை விலக்கி மரத்தைத் தடவிப் பார்த்தார். மணற்தாளால் இலேசாக உரஞ்சினால் ஒரே நிறமாகும், அல்லது இரண்டு கோடை வெயிலில் விட்டால் தானாகவே போய்விடும் என்றார். மகள் தலையாட்டிக்கொண்டே அந்த இடத்தை விரலால் தேய்த்தாள். பிறகு அவளுடைய இரண்டு கைகளும் அதன் இரு விளிம்புகளிலும் போய் நின்றன. சற்று உயர்ந்தன. ஒரு சின்னக் குலுக்கல். அரிசியில் தவிடு பிரிக்க அவளுடைய தாய் சுளகைக் குலுக்குவது அது.

அவள் கைகளை இழுத்துக்கொண்டாள். விற்கவில்லை, மன்னிக்கவும் என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் போனதும், "உன்ரை வீட்டு வாசலாலை உது போகாது, நான் அளந்தனான்" என்றேன்.

"காலைக் கழட்டுவம் அப்பா. கீழை எங்கடை பேஸ்மென்றிலை வைப்பம்." படுக்கை விரிப்பை எடுத்து அவளே மேசையை மூடினாள். "அங்கை வெயில் வராது."