ராஜம்மா வீட்டுச் சாப்பாட்டுக் காலண்டர்

பரோட்டாவை எண்ணெயில் பொரித்தெடுக்கும் விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு, எண்ணெயைக் குறையுங்கள் என்று சொல்லிப் பிழைப்பதுதான் என் உத்தியோகம். ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். உங்களில் பாதிப் பேராவது என்னைப் போன்ற ஒருத்தியிடம் மாட்டி முழித்திருப்பீர்கள். உங்களிடம் மாட்டிய எங்கள் பாடும் அப்படித்தான்.

கீரைக்கு ஒரு கேள்வி

திருத்தங்கல் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் கோபால் அண்ணாச்சி, மனைவி ராஜம்மாவைக் கூட்டி வந்தார். அந்த அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. தெருமுனையில் நின்று, தன் வீடு எது என்று விசாரித்திருக்கிறார். நான் கீரை, பயறு, மீன் என்று அடுக்கினேன். இப்படிச் சாப்பிட்டால் மறதி வரும் வாய்ப்பு குறையலாம் என்கிறார்கள் என்றேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "மறந்தது அம்புட்டும் திரும்பி வந்துருமா தாயி?"

தாள் கிழித்த கதை

வராது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஒரு தினசரி காலண்டரோடு வந்து நிற்கிறார். நல்ல நேரம் போடுகிற இடத்தில் என் பட்டியல்! திங்கள் முருங்கைக்கீரை, புதன் பாசிப்பயறு, ஞாயிறு மீன். நான் எழுதிக் கொடுக்கும் சீட்டில் பாதி, வாசலிலேயே கிடக்கும். அச்சில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் காலண்டர்க்காரர் ஒன்றை யோசிக்கவில்லை. ராஜம்மா போகும்போதும் வரும்போதும் தாள் கிழித்திருக்கிறார். வீட்டில் தை முடிவதற்குள் சித்திரை வந்துவிட்டது. வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பு. "கிழிச்சது மறந்துபோகுதாம்மா?" என்று கேட்டேன். ராஜம்மா என் பக்கம் குனிந்து சிரித்தார்: "கீரைத் தாளு வந்தா இன்னொண்ணு கிழிப்பேன். மீனு வந்தா நிறுத்திருவேன்."

அண்ணாச்சியின் பரோட்டா

ஒரு வருஷத்தில் ராஜம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. சில நாள் அண்ணாச்சியையே "நீங்க யாரு?" என்று கேட்கிறாராம். அண்ணாச்சி பாதியாக இளைத்திருந்தார். பயந்துபோய் விசாரித்தேன். பரோட்டாவை விட்டுவிட்டாராம், நடக்கிறாராம், ராஜம்மாவுக்கு வைக்கும் கீரையையே அவரும் சாப்பிடுகிறாராம். பட்டியல் அவங்களுக்குத்தானே எழுதினேன், நீங்கள் ஏன் இப்படி உடம்பை வருத்திக்கொள்கிறீர்கள் என்றேன். அவர் ராஜம்மாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அவளுக்குப் பிந்திப்போச்சு தாயி. நாங்க வாழ்ந்தது ரெண்டு பேருல ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கணும்ல?"

சாப்பாட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குவது நான். அதை எதற்காகச் சாப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்த புண்ணியவானோ, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்திருந்து என்னைப் பார்க்க வந்தவர்.