மூன்றாம் ஓலை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் என் சிநேகிதி இன்பத்துக்கு வெளிநாட்டு அரசியல் தெரியும் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் வார்டு கவுன்சிலர் பெயரே அவளுக்கு நினைவிருக்காது. ஆனால் போன தை மாதம் முழுக்க, கடல் தாண்டிய ஒரு பெரிய நாட்டின் மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் டக்கென்று சொல்வாள். பக்கத்து மெஷினில் இருந்து கேட்டுக் காது புளித்தவள் நான்.

எல்லாம் மகள் ஹெப்சிக்காக. வேலூரில் நர்ஸாக இருந்தவளுக்கு அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, விசா மட்டும் பாக்கி. "நான் தச்ச ஷூ போற ஊருக்கு எம் பொண்ணும் போவப்போறா" என்று இன்பம் சொல்லாத நாள் இல்லை.

நிச்சயமான மாப்பிள்ளை குடியாத்தத்து ஜெஸ்டன். போர்க் கொடுமைகளை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றத்தில், நெதர்லாந்தில் வேலை. சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு அவரவர் மொழியில் கேட்கும்படி ஹெட்போன் மாட்டிவிடுவான்.

எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரம் பார்த்து மசோதா சட்டமாகிவிட்டது. அந்த நீதிமன்றம் தங்கள் மண்ணில் காலே வைக்கக்கூடாது, அதில் வேலை செய்பவருக்கும் குடும்பத்துக்கும் விசா கிடையாது என்று சட்டம். ஜெஸ்டனைக் கட்டினால் ஹெப்சிக்கும் கிடையாது.

"அவங்க ஊருக்கு அவங்க கோர்ட்டு இருக்குது, வெளியாளு எதுக்குன்றாங்க. அதுவும் நியாயந்தானே?" என்றேன்.

"நியாயத்த நீயே வெச்சுக்கோ. எம் பொண்ணு பொழப்பு போவுதுடி!"

"விசா போனா போவட்டும்மா, நான் அவரு இருக்கற ஊருக்கே போறேன்" என்றாள் ஹெப்சி. அங்கே புது பாஷை படித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்பம் காதிலேயே வாங்கவில்லை. பாஸ்டரிடம் போய், தடை இருக்கிறது, மூன்றாம் ஓலையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! கட்டிக்கப் போகிறவள் ஹெப்சியா, இவளா?

சனிக்கிழமை நான் அவள் வீட்டில் இருந்தபோது ஜெஸ்டன் போன் செய்தான்; இன்பம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் வேலைய வுட்டுட்றேன் அத்தை. அப்போ விசாவுக்கு பிரச்சன இல்ல."

"ஹெட்போன் மாட்டத்தானே? அதுக்கு வேற ஆளு கிடைக்கமாட்டாங்களா?" என்று கேட்டாள் இன்பம்.

"கிடைப்பாங்க அத்தை. ஆனா வர்றவங்க பயந்துபோய் இருப்பாங்க. போன வாரம் ஒரு அம்மா, புருஷன பறிகொடுத்தவங்க, என் கைய புடிச்சவங்க வுடவே இல்ல."

இன்பம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் ஐசக் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தவர். விசாரிக்க வந்த அதிகாரியை முதலாளி கேட்டிலேயே நிறுத்தி, "எங்க எடத்துல நடந்தத நாங்க பாத்துக்கறோம்" என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் வேலூர் கோர்ட்டில் இன்பம் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினாள். வாயே திறக்க வரவில்லை. டவாலி போட்ட கோர்ட் சேவகர் ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "பயப்படாம சொல்லும்மா" என்ற பிறகுதான் பேசினாளாம். அந்த மனுஷனுக்காக இன்றைக்கும் ஜெபம் செய்கிறாள்.

"வேலைய வுடாதீங்க தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தாள். அப்போ கல்யாணம் என்னடி ஆவது என்று நான் கேட்டதற்கு, முட்டி போட்டு ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். ஹெப்சியின் பெயர் வரவில்லை. அவள் குனிந்து அழுதாள். பாட்டுக்காரர்கள் கீபோர்டை ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது இன்பம் எழுந்து நின்றாள்.

"பாஸ்டர் ஐயா, எம் பொண்ணு ஓலைய வுட்டுட்டீங்க."

கீபோர்டு நின்றது. "நீங்கதானேம்மா தடை இருக்குதுன்னு சொன்னீங்க?"

"அந்த நாட்டுக்காரங்க போட்ட தடை அங்கியே இருக்கட்டும் ஐயா. நான் போட்டத நான் எடுத்துட்டேன். வாசிங்க."

அவர் வாசித்து முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.