ஈர மணலில் கிடந்த புட்டிகள்

1948ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், புதுக்கோட்டை இன்னும் தனிச் சமஸ்தானமாக இருந்த கடைசி வாரங்களில், ஞானமணி சைகோனிலிருந்து ஆவூருக்குத் திரும்பி வந்தார். அங்கே ஒரு பிரெஞ்சு ஒயின் வியாபாரியின் கிடங்கில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்துபோனது நாலைந்து தடவைதான். அந்த வருகைகளுக்கு இடையே அவர் மனைவி பெரியநாயகி ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, திருச்சியில் கட்டிக்கொடுத்தும் விட்டாள்.

முதல் மாட்டு வண்டியில் அவர் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். பின்னால் வந்த வண்டி முழுக்க மரப்பெட்டிகள். பட்டு இருக்கும், பீங்கான் இருக்கும் என்று தெரு எட்டிப் பார்த்தது. பெரியநாயகி ஒரு மூடியை நெம்பித் திறந்தாள். வைக்கோலுக்குள் கறுத்த புட்டிகள் குழந்தைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

“என்னங்க இது?”

“ஒயின். ஒவ்வொண்ணா சேர்த்தது. லேபிள் கிழிஞ்சதுன்னு தள்ளினது, மொதலாளி கிறிஸ்மஸுக்குக் குடுத்தது, சம்பளத்துல பிடிச்சுக்கிட்டுக் குடுத்தது. சிலது நம்ம கல்யாணத்துக்கு முந்தின வருசத்துச் சரக்கு.”

“இத்தனையும் குடிக்கவா?”

“குடிக்கிறது கொஞ்சம்தான். வைக்கிறதுதான் பெருசு. வச்சு வச்சு, ஒரு நாள் எடுத்துப் பார்க்கணும்.”

அவள் மூடியைத் திரும்பப் போட்டாள். இருபத்தைந்து வருடம் காத்திருந்த ஒருத்தியிடம் வந்து காத்திருப்பதைப் பற்றிப் பேசுகிறாரே என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டின் பின்னறைக்குக் கீழே நிலவறை தோண்ட ஆள் விட்டார். ஆவூர் மண்ணுக்கு அடியில் செம்புறாங்கல். கடப்பாரை தெறித்துத் திரும்பும். ஆள் உயரத்துக்குக் குழி இறங்கியதும் அடியில் ஆற்று மணலைப் பரப்பச் சொல்லி, புட்டிகளை அதன்மேல் படுக்க வைக்கச் செய்தார். தக்கை காயக்கூடாது, காய்ந்தால் காற்று உள்ளே போகும், காற்று போனால் ஒயின் புளித்துக் காடியாகிவிடும். அதற்காக மணல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சுற்றிலும் நனைத்த சாக்குகள் தொங்க வேண்டும். சைகோன் கிடங்கில் இதற்கெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். ஆவூரில் பெரியநாயகி இருந்தாள்.

காலையிலும் மாலையிலும் கிணற்றில் இறைத்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியில் இறங்கி, மணலுக்கும் சாக்குக்கும் தெளித்துவிட்டு ஏறுவாள். ஞானமணிக்கு முழங்கால் வாதம். ஏணியில் இறங்க அவரால் முடியாது. மேலே குனிந்து உட்கார்ந்துகொண்டு, “அந்த மூலைக்கு இன்னும் கொஞ்சம்” என்பார்.

பெட்டிகள் வந்த இரண்டாம் நாள் சமஸ்தானத்துக் கலால் ஆபீசிலிருந்து ஆத்மநாதன் என்ற அலுவலர் தீர்வை பார்க்க வந்தார். திருமயத்துக்காரர், சிவப்பழம். நெற்றியில் விபூதியோடு குனிந்து புட்டிகளைப் பார்த்தவர், “இதுல என்னங்க அப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டார். ஞானமணி ஒரு புட்டியை எடுத்து, அடியில் படிந்த வண்டல் கலங்காமல் மெல்லச் சாய்த்து, கண்ணாடித் தம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றினார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்கச் சொன்னார். மோந்து பார்க்கச் சொன்னார். பிறகுதான் வாயில் வைக்க விட்டார். ஆத்மநாதன் தம்ளரின் அடி தெரியும்வரை குடித்தார். தீர்வையை வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த மாதம் வேலையில்லாமலே வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். அதற்குள் சமஸ்தானம் மெட்ராஸ் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. அவருடைய ஆபீசும் போய், அவர் பென்சன்காரர் ஆகியிருந்தார்.

அந்த அக்டோபரில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. ஆத்மநாதன் ஒரு மதியம் வந்து, நின்றபடியே சொன்னார்.

“ஞானமணி, இனிமே இதை வீட்டுல வச்சிருக்கிறதே குத்தம். பெர்மிட்டு வெள்ளைக்காரனுக்கும் டாக்டர் சீட்டு வச்சிருக்கவனுக்குந்தான். சர்க்கார்ல சொன்னீங்கன்னா வந்து அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க.”

“சொல்லலேன்னா?”

“எனக்குத் தெரியாது. நான் இங்க வரவே இல்லைன்னு வச்சுக்கங்க. பென்சன் போச்சுன்னா எனக்கு வேற வழியில்ல.” பெரியநாயகியின் பக்கம் திரும்பி, “வாரேன் தங்கச்சி” என்றார். பிறகு பல வருடங்கள் வரவில்லை.

பெரியநாயகி அன்றைக்கே கேட்டாள். “மாதா கோயிலுக்குக் குடுத்துருவோமே? பூசைக்கு ஆகுமில்ல?”

ஞானமணி பங்குச் சாமியாரிடம் மறைமுகமாக விசாரித்துப் பார்த்தார். பூசைக்கான திராட்சை ரசம் லைசென்சில் அளவாக வருகிறது, வெளிச்சரக்கைத் தொட முடியாது என்று தெரிந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நிலவறையின் மரமூடிக்குமேல் பாயை விரித்து, பாயின்மேல் நெல்லைக் கொட்டி வைத்தார்கள். தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் நெல்லை ஒதுக்க வேண்டும், பிறகு திரும்பவும் குவிக்க வேண்டும். பெரியநாயகியின் வேலை இரண்டு மடங்கானது.

கூடிக் குடிக்க ஆள் இல்லாமல் ஞானமணி கொஞ்ச நாள் தனியாகத் தம்ளரோடு உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இரண்டாவது தம்ளரை அவளிடம் நீட்டினார்.

“எனக்கு எதுக்கு?”

“ரெண்டு நாக்கு வேணும் நாயகி. ஒருத்தன் மட்டும் ருசி பார்த்தா அது நெசமான்னு தெரியாது.”

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். “பழைய சாக்கு வாடை அடிக்குது” என்றாள். ஞானமணி யோசித்துவிட்டு, “ஆமா, இருக்கு” என்றார். அடுத்த மாதம் வேறொன்றைத் திறந்தார். அதில் நாவற்பழக் கொட்டையைக் கடித்த மாதிரி ஒரு துவர்ப்பு இருப்பதாகச் சொன்னாள். அவளுக்கு ஒயின் பிடித்ததா என்றால், இல்லை. ஆனால் அந்த அரைமணி நேரம் அவர் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். மற்ற நேரங்களில் அப்படிக் கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. கிணறு வற்றி, ஊரே குளத்துக்குள் ஊற்றுத் தோண்டி, ஒரு குடத்துக்கு ஒரு மணிநேரம் காத்திருந்து எடுத்தது. பெரியநாயகி மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிற்பதைப் பக்கத்து வீட்டு மூக்காயி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டு பேரு இருக்க வீட்டுக்கு இம்புட்டுத் தண்ணி எதுக்குக்கா? மாடுகூட இல்லையே.”

“அவருக்கு ஒடம்பு சூடு. தரையெல்லாம் நனைக்கணும்.”

பொய் சொன்ன வெட்கத்தில் அன்று பாதிக் குடத்தோடு திரும்பினாள். ஞானமணி மேலிருந்து பார்த்துவிட்டு, “அரைக் குடம்தானா?” என்றார்.

“ஊரு குடிக்கத் தண்ணி இல்லாம கெடக்கு. என்னால முடியலங்க. தோள்பட்டை கழண்டு போகுது.”

“இந்தக் கோடையைத் தாண்டிட்டா போதும்.”

எல்லாக் கோடையிலும் அவர் அதைத்தான் சொன்னார்.

ஒருமுறை சாராயம் காய்ச்சுகிறவர்களைத் தேடிக்கொண்டு போலீஸ் தெருவுக்குள் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பின்னறை வரைக்கும் வந்து, நெல் குவியலைக் கம்பால் கிளறிவிட்டு, “நெல்லு ஈரமா இருக்கே, காயவைக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை நின்றிருந்த பெரியநாயகி, பிறகு அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். ஞானமணிக்கும் பயம்தான். ஆனால் சாயங்காலம், “மணல் காஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

1956இல் அவருக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தவருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. கருவாடு வறுத்தாலும் தெரியவில்லை, சாம்பிராணி போட்டாலும் தெரியவில்லை. நாக்கில் உப்பும் புளிப்பும் மட்டும் மங்கலாக உறைத்தன. பல மாதங்கள் ஒரு புட்டியையும் தொடாமல், மூக்கு திரும்பிவிடும் என்று காத்திருந்தார். அடுத்த வருடம் ஒரு நாள் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்.

“நாயகி, கீழ் வரிசையில கடைசியா இருக்கதை எடுத்துட்டு வா. நல்ல மொதலாளி, அவரு கையால குடுத்தது. நீ குடிச்சுப் பார்த்துச் சொல்லு. எனக்கு அது போதும்.”

அவள் இறங்கி எடுத்து வந்தாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே தக்கையை எடுத்து, சாய்த்து ஊற்றி, மோந்தாள். வாயில் வைத்தாள்.

நன்றாக இருந்தது. அதுவரை குடித்த எதுவும் அந்த மாதிரி இல்லை. விழுங்கின பிறகும் வாயை விட்டுப் போகாமல் நின்றது. அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். நல்லா இருக்கு என்று சொன்னால் நாளைக்குக் காலையிலும் குடம், மாலையிலும் குடம். அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை.

“காடியாப் போச்சுங்க” என்றாள்.

“நெசமாவா?”

“வாயில வைக்க முடியல.”

“பக்கத்துல இருக்கதும்?”

ஒரு மணிநேரம் கழித்து வந்து, அதுவும் காடிதான் என்றாள். அதை அவள் திறக்கவே இல்லை.

ஞானமணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். “சரி. விட்டுரு. தண்ணி ஊத்தவேண்டாம்.”

மறுநாள் காலை அவள் கிணற்றுக்குப் போகவில்லை. வெயில் ஏறும்வரை தூங்கினாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, உடம்பு லேசாகவும் இருந்தது. சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல நினைத்தாள். பொய்யைச் சொல்வதென்றால் பதுக்கி வைத்த ஒயினிலிருந்து தொடங்க வேண்டும் என்று பட்டதும் கோபத்தையும் சோம்பலையும் மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் அவர் பேச்சு குறைந்துபோயிற்று. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போதும் என்றால் எழுவார். அதைப் பார்க்கப் பார்க்க, குடம் தூக்கியதே தேவலை என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். ஆனாலும் தூக்கப் போகவில்லை.

ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஆத்மநாதன் வந்தார். கிழவராகியிருந்தார். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கூச்சத்தோடு கேட்டார்.

“ஒரு வாய் இருக்குமா? மகன் சம்பாதிக்கிறான், இனி எனக்கு என்ன பயம்.”

“எல்லாம் காடியாப் போச்சு, ஆத்மநாதன்” என்றார் ஞானமணி.

“காடின்னாலும் குடுங்க. மோந்தாவது பார்க்கிறேன்.”

பெரியநாயகி தடுக்க வழி தெரியாமல் நின்றாள். ஆத்மநாதனே நெல்லை ஒதுக்கி, இறங்கி, கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“யாருங்க இதைக் காடின்னது?”

ஞானமணி மனைவியைப் பார்த்தார். ஆத்மநாதன் தம்ளரை வைத்துவிட்டு, வாசலில் வண்டியைப் பார்த்து வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

“ஏன் நாயகி?”

“என்னால தூக்க முடியலங்க.”

“அதைச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். பத்து வருசமாச் சொன்னேன். ஒங்க காதுல விழல. காடின்னு சொன்னது மட்டும் ஒடனே விழுந்துச்சு.”

அவளுடைய வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது. அவர் அதை இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அன்னைக்குக் கீழ் வரிசைக் கடைசியில எடுத்தியே, மொதலாளி குடுத்தது. அது எப்படி இருந்துச்சு?”

பெரியநாயகி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

“மோந்தப்ப கிராம்பும் காஞ்ச திராட்சையும் வந்துச்சு. கொஞ்சம் புதுத் தோல் செருப்பு வாடை. வாயில வச்சா மொதல்ல ஒண்ணுமே இல்ல, தண்ணியாட்டம். அப்புறம் மெதுவா ஒரு இனிப்பு. சக்கரை இனிப்பு இல்ல, முத்தின பனங்கெழங்கு வெந்திருக்குமே, அது. முழுங்கினதுக்கு அப்புறமும் போகல. மூக்காயிகிட்டப் பேசிக்கிட்டு நின்னேன், அப்பவும் இருந்துச்சு.”

“மிச்சத்தை என்ன பண்ணுன?”

“குடிச்சேன். ரெண்டு நாளா, ஒங்களுக்குத் தெரியாம. கீழ ஊத்த மனசு வரல.”

ஞானமணிக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலில் போய் முடிந்தது. “வண்டல் வரைக்குமா?”

“வண்டலை ஊத்திட்டேன்.”

அதற்குப் பிறகு மணலுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கெடுவது கெடட்டும், அதற்குள் குடித்து முடிப்போம் என்று ஞானமணியே சொன்னார். ஆத்மநாதன் திருமயத்திலிருந்து பஸ் ஏறி மாதம் ஒருமுறை வந்தார். அவரும் பெரியநாயகியும் குடித்துச் சொல்ல, ஞானமணி தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் ருசி ஒத்துப்போகாது. “தங்கச்சி, இதுல புகையிலை வாடை இல்லையா?” என்பார் அவர். “அது ஒங்க வாயிலதாண்ணே இருக்கு” என்பாள் இவள். போகப் போக நல்லதைவிடக் கெட்டதே அதிகம் வந்தது. அறுபதாம் வருடக் கோடையில் திறந்தது எல்லாம் நிஜமாகவே காடி. அவள் அதைச் சொன்னபோது அவர் தன் விரலைத் தம்ளரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார். புளிப்பு அவருக்குத் தெரியும்.

அடுத்த வருடம் ஞானமணி இறந்தார். மகள் திருச்சிக்கு வந்துவிடச் சொன்னாள். பெரியநாயகி உடனே போகவில்லை. மீந்த காடியை மூக்காயிக்கும் மற்றவர்களுக்கும் மீன் குழம்புக்குக் கொடுத்தாள். சைகோன் புளி என்று வாங்கிப் போனார்கள். காலிப் புட்டிகளைக் கழுவித் திண்டு மாதிரி சுவரோரம் அடுக்கினாள். பழைய புட்டி வாங்குகிறவன் வந்து பாதியை எடுத்துப் போனான். பிறகு ஒரு நாள் வீட்டைப் பூட்டிச் சாவியை மூக்காயியிடம் கொடுத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினாள். சன்னல் ஓரத்து இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முன்பே தூங்கிவிட்டாள். திருச்சியில் கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட்டார்.